ஐந்தாவது பட்டை

நான்கு சீட்டுகளும் ஒரே நேரத்தில் திரும்பின. எட்டு, எட்டு, எட்டு, எட்டு.

“பேச ஒண்ணுமே இல்லைங்க்கா,” என்றான் ஜமால். “கட்ட ஆரம்பிச்சிரலாம்.”

தாட்சாயணி தலையசைத்தாள். வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல இருந்தது.

சரவணம்பட்டியில் இருந்த அந்த அலுவலகத்தின் மூன்றாவது மாடி அறையை வெளியாட்கள் எட்டிப் பார்த்தால், யாரோ குழந்தைக்குப் பிறந்தநாள் என்றுதான் நினைப்பார்கள். நீள மேசை நிறையப் பிளாஸ்டிக் கட்டைகள். பாதி கட்டிய ஒரு மலை. அதன்மேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை. இரண்டு பொம்மை பஸ்கள். சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பேரும் முப்பதைத் தொட்ட சாஃப்ட்வேர் எஞ்சினியர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு டிரைவர் இல்லாமல் ஏறப் போகும் பஸ்களுக்கு மூளை எழுதுகிறவர்கள்.

ஒரே பொருளை நான்கு பேர் சேர்ந்து எப்படிச் செய்வது என்பதை இந்த விளையாட்டின் மூலம் சொல்லிக்கொடுப்பதுதான் தாட்சாயணியின் வேலை. அவள் வாடிக்கையாளராக உட்காருவாள். “இங்கே ஒரு பாலம் வேணும், அங்கே ஒரு கொண்டை ஊசி வளைவு வேணும்” என்று கேட்பாள். அதைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒவ்வொருவரும் ஒரு எண்ணைத் தேர்ந்து, சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஆகக் குறைவாகப் போட்டவரும் ஆக அதிகமாகப் போட்டவரும் ஏன் என்று சொல்ல வேண்டும். பிறகு கட்டுவது, காட்டுவது, திட்டு வாங்குவது, மறுபடி சீட்டு.

அந்த ‘ஏன்’ என்ற சண்டைக்காகத்தான் இந்த விளையாட்டே. அவளிடம் பயின்ற குழுக்களில் ஒருவன் மூன்று போட்டதற்காகப் பக்கத்து நாற்காலிக்காரியுடன் ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறான். ஒருத்தி கட்டைப் பையை அப்படியே தரையில் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறாள். அந்தக் குழுக்கள் எழுதியவை எல்லாம் இன்றும் ஒழுங்காக ஓடுகின்றன.

இந்தக் குழு சண்டையே போடுவதில்லை. காரணம், மணிக்கட்டுகளில் இருந்த கறுப்பு ரப்பர் பட்டை. பெயர் ‘சமன்’. நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. வேலை நாட்களில் வீட்டிலும் கழற்றாமல் கட்டியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவருக்குப் பதற்றமோ தயக்கமோ எழுந்தால், பட்டை அதை நாடித்துடிப்பிலேயே உணர்ந்து தணித்துவிடும். நான்கு பேரின் நிதானத்தையும் நான்கு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் என்று திட்டத் தலைவர் சபரிநாதன் சொல்லியிருந்தார். தாட்சாயணி கையில் இருந்தது ஐந்தாவது பட்டை. சாம்பல் நிறம். பார்வையாளருக்கானது. குழு எப்படி இருக்கிறது என்று அறிந்துகொள்ள மட்டும்.

“பெனிட்டா, பையன் நெத்தி எப்படி இருக்கு?” என்று கேட்டாள். நேற்று பெனிட்டா லீவு.

“மூணு தையல் மேடம்,” என்றாள் பெனிட்டா, கட்டைகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டே. நாகர்கோவில்காரி. “ஊஞ்சல்ல இருந்து விழுந்துட்டான். மூஞ்சி முழுக்க ரத்தம். நான் தட்டுல இருந்த தோசையை முடிச்சிட்டுத்தான் எந்திச்சேன். வீட்டுக்காரர் என்னையே பாத்துட்டு இருந்தாரு. ஏன் அப்படிப் பாத்தாருன்னுதான் தெரியல.”

அதைக் கேட்டு மற்ற மூவரும் இதமாகச் சிரித்தார்கள். தாட்சாயணியால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

மதியம் சபரிநாதன் வந்தார். கதவைத் தட்டாமல் வருகிறவர், ஆனால் யாரையும் கடிந்து பேசாதவர்.

“என்னங்க, உங்க முகத்தப் பாத்தா பஸ் இப்பவே கவுந்துட்ட மாதிரி இருக்குதே.”

“டீம் தயாரா இல்லைங்க சார்.”

“எதை வெச்சுச் சொல்றீங்க?”

அதுதான் தெரியவில்லை. ஒரு தப்பு காட்டு என்றால் அவளால் காட்ட முடியாது. கட்டச் சொன்னதைக் கட்டினார்கள். கேட்ட நேரத்தில் கொடுத்தார்கள். இந்தக் குழு தயார் என்று அவள் கையெழுத்துப் போட்டால் அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் மனிதர்கள் ஏறுவார்கள்.

“எல்லாரும் ஒரே நம்பர் போடறாங்க.”

“அதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணிருக்கோம்.” சபரிநாதன் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நெனைக்காதீங்க. நான் அனுப்பின டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடறீங்களா? நீங்க கொஞ்ச நாளா நீங்களா இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட முடியலைன்னா சொல்லிருங்க, வேற பயிற்சியாளரப் பாத்துக்கறேன். உங்க ஒடம்பு முக்கியம்.”

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவள் அவளாக இல்லை என்பது உண்மை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் வந்த ஸ்கூல் வேனின் டிரைவருக்குப் போன் செய்து, வேனின் பிரேக்கை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள். குக்கர் விசில் அடித்தால் திடுக்கிட்டாள். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள்.

“நீ இழுக்கற இழுப்புல பூட்டு தானா ராஜினாமா பண்ணிரும்,” என்றார் கணவர் ராஜகணபதி. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஞாயித்துக்கெழம எவ்வளவு நல்லாருந்த. திங்கக்கெழம ஆபீஸ் போயிட்டு வந்தா பேயறைஞ்ச மாதிரி ஆயிடற. பேசாம வேலைய விட்டுரு தாயி.”

“வேலைல ஒண்ணும் இல்லைங்க. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு.”

சொல்லும்போதே அழுகை வந்தது. ஒருவேளை சபரிநாதன் சொல்வதுதான் சரி. நான்கு பேர் தெளிவாக இருக்கும்போது ஒருத்தி மட்டும் நடுங்கினால் கோளாறு யாரிடம்? நாளைக்கே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை அவளை மாற்றியது ஒரு அரிப்பு.

பட்டைக்கு அடியில் வேர்க்குரு போலச் சிவந்து தடித்திருந்தது. கடைசி ஆட்டம். கொண்டை ஊசி வளைவில் பெரிய பஸ் திரும்ப வேண்டும் என்று கேட்டிருந்தாள். நான்கு பேரும் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து, பட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு நிதானமாகப் பூசினாள். பூசி முடித்து ஊதிக்கொண்டிருந்தபோது அறையில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. யாரும் இன்னும் சீட்டைக் கவிழ்க்கவில்லை.

சுடலைமுத்து ஒரு சீட்டை வைத்தான். எடுத்தான். வேறொன்றை வைத்தான். திருநெல்வேலிப் பையன், எப்போதும் முதலில் வைப்பவன்.

“திருப்புங்க,” என்றாள்.

மூன்று. எட்டு. நாற்பது. குழுவின் நான்காவது ஆளான யமுனா வைத்திருந்தது கேள்விக்குறி போட்ட சீட்டு, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்வதற்கானது.



“ஏன்டா, ஒரு வளைவுக்கு நாப்பதா?” என்றான் ஜமால். “ஊட்டி மலையையே புதுசா நட்டு வைக்கப் போறியா?”

“நீ மேல ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு மட்டும் எழுதுனவன். ஒனக்கு மூணுதாம்ல வரும்.” சுடலைமுத்துவின் காது மடல் சிவந்திருந்தது. “பெரிய பஸ் இந்த வளைவுல ஒரே வீச்சுல திரும்பாது. கொஞ்சம் பின்னால வந்துதான் திரும்பும். அந்தப் பின்னால வர்றத எழுதுனது நானு.”

“எழுதிட்டேல்ல? அப்புறம் என்ன நொட்டை?”

“பின்னால வரும்போது, கீழ இருந்து ஏறி வர்ற நம்ம இன்னொரு பஸ்ஸுக்கு அத யாரு சொல்லுவா?”

“யமுனா சொல்லுவா. வண்டிக்கு வண்டி சேதி அனுப்பறது அவதானே.”

“நானா?” யமுனா நிமிர்ந்தாள். “எந்த இடம், என்ன வேகம், ஏறுதா இறங்குதா. நான் அனுப்பறது இவ்வளவுதான். பின்னால வர்றதப் பத்தி எங்கிட்ட ஒருத்தரும் வாயத் திறக்கல. ரெண்டு பஸ்ஸுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய பெனிட்டா பாத்துக்குவான்னு நெனச்சேன்.”

“முன்னால போற பஸ் ஏறிட்டு இருக்குன்னு நீ சேதி அனுப்பினா, நான் எதுக்கு நிறுத்தணும்?” என்றாள் பெனிட்டா. “கிட்டப் போகலாம்னுதான் எழுதிருக்கேன்.”

சுடலைமுத்து முன்னால் நின்ற பொம்மை பஸ்ஸை வளைவில் மெல்லப் பின்னுக்குத் தள்ளினான். பெனிட்டா தன் பஸ்ஸை, அவள் எழுதியிருந்தபடியே, மேலே நகர்த்தினாள். இரண்டும் டக்கென்று மோதின. பின்னால் நின்றது சாலையை விட்டு விலகி, மேசை விளிம்பில் ஒரு நொடி ஆடி, கீழே போனது.

யாரும் குனிந்து எடுக்கவில்லை.

“ஐயோ,” என்றாள் பெனிட்டா. பிறகு, சம்பந்தமே இல்லாமல், “என் பிள்ளைக்கு ரத்தம் வழிஞ்சுச்சு மேடம். நான் தோசை தின்னுட்டு இருந்தேன்,” என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள்.

தாட்சாயணி சுடலைமுத்துவைக் கேட்டாள். “இது உனக்கு எப்பத் தெரியும்?”

“தெரியும்னு சொல்ல முடியாதுக்கா. எழுதும்போது ஒரு நிமிஷம் திக்குன்னுச்சு. ஒடனே அடங்கிட்டு. மத்த மூணு பேரும் அமைதியா இருந்தாவ. சரி, யாருக்காவது தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்.”

மற்ற மூவரின் முகமும் அதையே சொன்னது. ஒருவருடைய நிம்மதியை மற்றவர் சாட்சியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உண்மையில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

தாட்சாயணி பயந்திருக்க வேண்டும். நாற்பது பேர் உட்காரும் பஸ் கண்முன்னே பள்ளத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு அவள் வயிறு அமைதியாக இருந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்தது போல இருந்தது. அந்த அமைதிதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது. மேசை மேல் கிடந்த சாம்பல் பட்டையைப் பார்த்தாள். எடுத்துக் கட்டினாள்.

ஜமால் குனிந்து பஸ்ஸை எடுத்து வைத்தான். பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.

“சரி, பாத்துக்கிடலாம்க்கா,” என்றான் சுடலைமுத்து. காது மடல் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. “அப்படியொண்ணும் பெரிய விஷயமில்ல.”

தாட்சாயணியின் வயிற்றை யாரோ பிழிந்தார்கள். வேனின் பிரேக், வீட்டுப் பூட்டு, மகளின் முகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின.

பட்டையைப் பிய்த்து எறிந்தாள். “நீங்க நாலு பேரும் கழட்டுங்க. இப்பவே.”

சபரிநாதன் தன் அறையில் டீயில் ரஸ்க்கை முக்கிக்கொண்டிருந்தார். அவள் பட்டையை அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பார்வையாளர் பட்டைன்னு சொன்னீங்க.”

அவர் ரஸ்க்கை முழுதாகத் தின்று முடித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தது போலவும், பிறகு வேண்டாம் என்று விட்டது போலவும் இருந்தது.

“தயக்கத்த அழிக்கறதுக்கு எவ்வளவோ பாத்தோம்ங்க. அழியல. ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்தா, வேற ஒருத்தர்கிட்டப் போய் இறங்கினாத்தான் அடங்குது. நாலு பேரும் வேலை செய்யறவங்க. நீங்க உக்காந்து பாக்கறவங்க.”

“அதனால என் தலைல கொட்டினீங்க. டாக்டர்கிட்டயும் அனுப்பினீங்க.”

“இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. சத்தியமா.” அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். “ஆனா ஒண்ணு யோசிங்க. ஆபரேஷனுக்குப் படுத்திருக்கறவங்க, பரீட்சைக்குப் போற பசங்க, ஊர் விட்டு ஊர் போறவங்க. இத்தன பேருக்கும் நிம்மதி கொடுத்துட்டு, எங்கயோ ஒருத்தர் சம்பளம் வாங்கிட்டு அதச் சுமந்தா தப்புங்களா? மூட்டை தூக்கறதில்லையா?”

 தப்பில்லையோ என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

“மூட்டைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா சார்?” என்றாள் கடைசியில். “சுடலைக்கு வந்த பயம் சுடலைகிட்டயே இருந்திருந்தா அவன் அன்னைக்கே வாயத் திறந்து கேட்டிருப்பான். அவனுக்குத்தான் பஸ் பின்னால வர்றது தெரியும். எங்கிட்ட வந்தப்புறம் அது வெறும் வயித்து வலி. நான் அத வெச்சு வீட்டுப் பூட்ட இழுத்துப் பாத்துட்டு இருந்தேன்.”

 அவள் எதிர்பார்க்காத அளவுக்கு எளிதாகச் சபரிநாதன் ஒத்துக்கொண்டார். பஸ் விடும் தேதியைத் தள்ளி வைத்தார். எழுதுகிறவர்கள் யாருக்கும் இனி சமன் கிடையாது என்றார்.

அதன்பிறகு மூன்றாம் மாடியில் தினமும் சத்தம்தான். சுடலைமுத்துவும் ஜமாலும் ஒரு வாரம் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். யமுனா கேள்விக்குறிச் சீட்டை வைத்து வைத்து அதன் முனை மடங்கிப்போனது. பெனிட்டா மகனைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாள். பஸ்கள் காலியாக மலை ஏறின, மழையில் ஏறின, பனியில் ஏறின. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் ஒரு ‘ஏன்’ கொண்டுவந்தார்கள். கேட்க ஏதும் மிச்சமில்லாத ஒரு நாளில் தாட்சாயணி கையெழுத்துப் போட்டாள். அன்று பூட்டை ஒரே ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தாள்.

முதல் பயணத்துக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வாழை மரம், மேளம், ஆளுக்கொரு ஜாங்கிரி. பஸ் படிக்கட்டில் சீருடைப் புடவையில் ஒரு அம்மா நின்று, ஏறுகிறவர்கள் கையில் எல்லாம் எதையோ கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கறுப்பு ரப்பர் பட்டை.

“எதுக்குங்க இது?”

“மலை ஏறறப்ப தலைசுத்தல் வராதுங்களாம். கம்பெனில சும்மா கொடுக்கறாங்க.”

“எனக்கு வேண்டாங்க.”

அவள் மட்டும் வெறுங்கையோடு நடு சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் கல்லாறைத் தாண்டி ஏறத் தொடங்கியது. புதுமணத் தம்பதி ஒன்று முறுக்கைப் பங்கு போட்டது. ஒருவர் காலியான டிரைவர் சீட்டைப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரு பெண், மடியில் இருந்த குழந்தை ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு எட்டிப் பார்ப்பதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. மெல்லப் பின்னால் வந்தது. பின்சக்கரங்களுக்குப் பின்னே தெரிந்தது பள்ளமும் பனியும்தான். அந்த வரியை எழுதியவனையும், அதைச் சரிபார்க்க நடந்த சண்டையையும் அறிந்த தாட்சாயணியே முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். வேறு ஒரு கைகூட எதையும் பிடிக்கவில்லை. முறுக்கு கடிபடும் சத்தம் கேட்டது.

இத்தனை பேருடைய பயமும் எங்கே போகிறது என்ற கேள்வி வந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி சீட்டின் ஓரத்தில் அந்த அம்மா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க வியர்வை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. மணிக்கட்டில் சாம்பல் பட்டை.

தாட்சாயணி எழுந்து போய் அவளருகில் உட்கார்ந்தாள். “பேரென்னங்க்கா?”

“செல்லாத்தாளுங்க.” பல் கிட்டித்தது. “நான் டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்தவ கண்ணு. படியில தொங்கிட்டு டிக்கெட் கிழிச்சவ. பயம்னா என்னன்னே தெரியாது. இன்னைக்கு என்னமோ நெஞ்சு கெடந்து அடிக்குது. எறங்கி வூட்டுக்கு ஓடிப் போய் புள்ளைகளப் பாக்கோணும் போல இருக்குது. எனக்கு வயசாயிப் போச்சாட்ட இருக்குது. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிப் போடாதீங்க, புது வேலை.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்க்கா. கையக் கொடுங்க.”

“இதக் கழட்டக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க.”

“நான் அந்தக் கம்பெனிதான். கொடுங்க.”

கொக்கி வியர்வையில் வழுக்கியது. இரண்டாவது முயற்சியில் கழன்றது.

முதலில் முறுக்குச் சத்தம் நின்றது. படம் பிடித்துக்கொண்டிருந்தவர் போனைத் தாழ்த்தி, ஜன்னல் வழியே கீழே பார்த்தார். ஜன்னலோரப் பெண் குழந்தையை வெடுக்கென்று உள்ளே இழுத்து நெஞ்சோடு அணைத்தாள். குழந்தை வீரிட்டது. “கொஞ்சம் மெதுவாப் போகாதுங்களா இது?” என்று யாரோ கேட்டார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாமல் காலி டிரைவர் சீட்டைப் பார்த்தே கேட்டார்கள்.

செல்லாத்தாள் பெருமூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். எழுந்து, இரு பக்கக் கம்பிகளையும் மாறி மாறித் தொட்டபடி, ஆடும் பஸ்ஸில் ஆடாமல் முன்னே நடந்தாள்.

“அடுத்த வளைவு வருதுங்க,” என்றாள், பஸ்ஸின் மறுகோடி வரை கேட்கும் குரலில். “எல்லாரும் கம்பியப் புடிச்சுக்கங்க.”

அதற்குள் எல்லோரும் பிடித்திருந்தார்கள்.